சம்மதம் சொன்ன குரல்

தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுக்கிற எங்களுக்கு ஒரே ஒரு எதிரிதான். "உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்கிற கேள்வி.

கேட்டு முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுவார். அதுவரை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்காரியின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த அம்மாள், பாஸ்போர்ட் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த தினுசில் நிமிர்ந்துகொள்வாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும். நான் எதற்காக நின்றேனோ அது போயே போச்சு. நானும் கேட்டுப் பார்த்தவள்தான். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

என் பெயர் சுகந்தி. மதுரையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். ஞாயிறு விடிந்ததும் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி டிஜிட்டல் கேமராவோடு கிளம்பிவிடுவேன். பெரிய கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள். இந்தக் குட்டியை யாரும் சட்டை செய்வதில்லை. விளக்குத்தூண், கீழமாசி வீதி, யானைக்கல் என்று சுற்றிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்ட கையோடு நல்லதாக நாலைந்து படங்களை 'வீதி' தளத்தில் ஏற்றுவேன். சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ இருக்கிறவர்கள் "ஆஹா" என்பார்கள். அந்த "ஆஹா"வுக்கு நான் அடிமை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

முகக்காப்புச் சட்டம் வந்த பிறகு, முன்பின் தெரியாதவர்களின் முகத்தை இணையத்தில் அப்படியே போட முடியாது. நாம் படத்தை ஏற்றினால் போதும். தளமே ஒவ்வொரு முகத்தையும் எடுத்துவிட்டு, உலகத்திலேயே இல்லாத ஓர் ஆளின் முகத்தை அந்த இடத்தில் வைத்துவிடும். அதே வெளிச்சம், அதே சிரிப்பு. ஆள் மட்டும் வேறு. உண்மையான முகமே இருக்க வேண்டுமென்றால், படத்தில் இருப்பவர் தன் வாயால் "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். தளத்துக்காரர்களுக்கு மட்டும் கேட்கிற அந்தக் குரலையும் சேர்த்து ஏற்றினால் படத்தின் மூலையில் 'மெய்முகம்' என்று ஒரு பச்சைப் பொட்டு விழும். பொட்டு விழுந்த படத்தை மற்றவர்கள் பார்க்கலாம், நகல் எடுக்க முடியாது. பொட்டு இருந்தால் ஜனங்கள் விழுந்து விழுந்து பார்ப்பார்கள். இல்லாவிட்டால் "பொம்மை மூஞ்சிதானே" என்று தள்ளிவிட்டுப் போவார்கள்.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். முகம் மாறி வந்த என் படத்தைத் திரும்ப இறக்கி, புதுப் படம் மாதிரி மறுபடி ஏற்றுவேன். என் குரலையே கொஞ்சம் கட்டையாக்கி "சம்மதம்" என்று சொல்லிச் சேர்த்துவிடுவேன். பொட்டு விழுந்துவிடும். இல்லாத ஆளுக்காக எவன் வந்து கேஸ் போடப் போகிறான்? உள்ள ஆளின் முகமோ பத்திரமாக மறைந்திருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, யானைக்கல்லில் காலங்கெட்ட மழை. பருத்திப்பால் வண்டிக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர். தலையில் சிவப்புத் துண்டு, கையில் டம்ளர். தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் பிடரியில் விழ, மனுஷன் அண்ணாந்து சிரிக்கிறார். ஒரே ஒரு அமுக்கு. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பு ஏது?

தளம் வைத்துக் கொடுத்த முகம் அசலைவிட அழகாக இருந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும். காதோரம் நாலு நரை, முன்பல்லில் லேசான இடைவெளி. வழக்கம்போலப் பொட்டு வைத்து ஏற்றினேன். என் ஆயுசில் எந்தப் படத்துக்கும் அவ்வளவு "ஆஹா" வந்ததில்லை. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் ஜெபமாலை. மற்றவளுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"படம் போடுற சுகந்தி நீகதானா தாயி?" என்றார் பெரியவர். "தொண்டிக்குத் தெக்க இருந்து விசாரிச்சு விசாரிச்சு வர்றோம். என் பேரு செசிலி. இவ என் மருமக மெர்சி."

உட்காரச் சொன்னேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தம்மா மருமகளிடமிருந்து போனை வாங்கி என்னிடம் நீட்டினார். பருத்திப்பால்காரர் படம். பச்சைப் பொட்டு.

"இது என் மகன் பிரிட்டோ" என்றார்.

படத்தையும் அந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போன பிரிட்டோ திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அழுது, அலைந்து, கடைசியில் மாமியாரே மனசைத் தேற்றிக்கொண்டு மருமகளுக்கு மறு கல்யாணம் பேசியிருக்கிறார்.

"நானே பாத்து முடிச்ச மாப்பிள்ளை. அருள்னு பேரு, போட்டுக்கு இஞ்சின் பாக்குற தம்பி. பின்ன என்ன, இவ எத்தனை காலத்துக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடப்பா? எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிப்பாக. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாக. மொத ஓலை நல்லபடியா முடிஞ்சிருச்சு. ரெண்டாவது ஓலைக்கு மொதநாளு இந்தப் படத்தைப் பாத்தேன். என்ன செய்யட்டும்? புருஷன் உசுரோட இருக்கறப்ப எப்புடி இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுக்குறது? நானே எந்திரிச்சுக் கையத் தூக்கிட்டேன்."

மெர்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் எடுத்தவுகளைப் பாத்து நெசந்தானான்னு கேட்டுக்கிட்டு வாங்கன்னு சாமியார் சொல்லிட்டாக. நாளைக்கு மூணாவது ஓலை. விட்டா தபசுகாலம் வந்துரும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் வைக்க மாட்டாக. அதுவரைக்கும் பொறுக்க மாட்டோம், வேற பொண்ணு பாத்துக்கிறோம்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டாக. போகட்டும். என் மகன் வந்துட்டா எவன் கல்யாணம் யாருக்கு வேணும்?" அந்தம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் முன்பல்லில் இடைவெளி. "பொட்டு இருந்தா அவன் வாயால சம்மதம் சொல்லியிருக்கணும்ல தாயி? கொரலைக் கேட்டிருப்பீகளே. எப்புடிச் சொன்னான்?"

அப்போதே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். பொய்ப் பொட்டு வைத்தது வெளியே தெரிந்தால் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள், அத்தனை பேர் முன்னால் என் பெயர் நாறும் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மழை சத்தம்மா... மெதுவாத்தான் சொன்னார்."

"பாத்தியா மெர்சி!" அந்தம்மா மருமகளின் தொடையில் அடித்தார். "அவன் எப்பவும் மெல்லத்தான் பேசுவான். கடல்ல போறவன் மாதிரியா பேசுவான் என் புள்ள!"

இப்படி ஒரு பாவி இருப்பாளா?

உடனே யானைக்கல் போக வேண்டுமென்றார். போனோம். சனிக்கிழமைச் சந்தடியில் செசிலியம்மா முன்னால் ஓடினார். வெங்காய மூட்டை இறக்குகிறவர்கள், கைவண்டிக்காரர்கள், டீக்கடையில் நின்றவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். மெர்சி என் பக்கத்தில் வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.

"அக்கா, அவருக்கு எடது கையில சுண்டுவெரலு பாதிதான். வலைக்கயிறு அறுத்துட்டுப் போயிருச்சு. உங்க படத்துல டம்ளர் புடிச்சிருக்கிற எடது கையில அஞ்சு வெரலும் முழுசா இருக்கு."

நான் நின்றுவிட்டேன். "அத்தைக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவுக மொகத்துக்குக் கீழ பாக்கவே மாட்டேங்கறாக."

"நீங்க சொல்லலாமே மெர்சி."

அவளுக்குக் கண் சிவந்தது. "நான் எப்புடிக்கா சொல்லுவேன்? புருஷன் உசுரோட இருக்கான்னு சொல்றாக, இவ ரெண்டாங் கல்யாணத்துக்கு அலையுறாளேன்னு ஊரே காறித் துப்பாதா? அருள் ரெண்டு நாளா போனை எடுக்கல. இந்தக் கல்யாணமே வேணாம்னுதான் நான் மொதல்ல சொன்னேன். அத்தைதான் ஆசையக் காட்டுனாக. இப்ப ஆசை வந்துருச்சு. நான் என்ன செய்ய? நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அதற்குள் செசிலியம்மா பருத்திப்பால் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்காரர் வேலுச்சாமி போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம ஒச்சப்பன்ல. லோடு இறக்குறவன். துண்டு அவன் துண்டுதான், நிக்கிற நிலையும் அவனேதான். மூஞ்சி பொம்மை மூஞ்சி. இப்பல்லாம் மூஞ்சியப் பாத்து யாரும்மா ஆளைக் கண்டுபிடிக்கிறா? என் மகளே என்னை நெட்ல செருப்பை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறா."

"பொட்டு இருக்கே அண்ணாச்சி? பச்சைப் பொட்டு இருந்தா நெசம்னுதானே சொல்றாக?"

வேலுச்சாமி படத்தைப் பார்த்தார். என் தோளில் தொங்கிய குட்டிக் கேமராவைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அதை இவங்கதாம்மா சொல்லணும்" என்றார். திரும்பி, "ஏய் ஒச்சப்பா! இங்கிட்டு வா!" என்று குரல் கொடுத்தார்.

சிவப்புத் துண்டோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயசு. அம்மை போட்ட முகம், சப்பை மூக்கு. செசிலியம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஒரு மூலையில் மகன் இருக்க மாட்டானா என்று தேடுகிற பார்வை அது. ஒச்சப்பன் கூச்சப்பட்டு, "என்னம்மா, தெரிஞ்சவங்களா?" என்றார்.

"பொய்ம்மா" என்றேன். "அது பொய்ப் பொட்டு. நான்தான் வெச்சேன். இவரை நான் கேக்கவே இல்லை. சம்மதம்னு சொன்னது என் குரல்."

சந்தைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். கேட்டிருந்தது. செசிலியம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஒரு அறை கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் தேவலை.

"மூஞ்சியப் பொய்யா வெச்சது மிசினு, சரி. பொட்டு வெச்சது ஏதோ ஆசையில வெச்சுட்டீக. காலையில மெல்லச் சொன்னான்னு எங்கிட்டச் சொன்னீகளே தாயி, அதை எதுக்குச் சொன்னீக?"

 

வண்டியோரத்து பெஞ்சில் அவரை உட்காரவைத்தோம். மெர்சிதான் கேட்டாள். "அப்ப இது யாரு மொகம்க்கா?"

"யாரோடதும் இல்லை. நெட்ல கெடக்குற முகத்தையெல்லாம் பாத்துப் பாத்து, மிஷின் அதுவாப் பிசைஞ்சு புதுசா ஒண்ணு செய்யும்."

"பெசஞ்சு செஞ்சா என் மகன் எப்புடி வருவான்?" செசிலியம்மா நிமிர்ந்தார். "அந்தப் பல்லு எப்புடி வரும்?"

அது எனக்கும் விளங்கவில்லை. "பிரிட்டோ படத்தை நெட்ல எங்கேயாவது போட்டிருக்கீங்களாம்மா?"

"எங்கேயாவதா? ஏழு வருசமா தெனமும் போடுறேனே. ஒரு எடம் விடல. காணலைன்னு போடுற படத்துக்கு மட்டும் மொகத்தை மறைக்க மாட்டாகள்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் பத்திரமாக இருக்கிறவர்களின் முகத்தையெல்லாம் சட்டம் மூடிவிட்டது. மூடாமல் விட்டது காணாமல் போனவர்களின் முகங்களை மட்டும்தான். நாளாக ஆக, அந்த மிஷினுக்குப் பார்த்துப் படிக்கக் கிடைத்ததெல்லாம் அவர்கள்தான். எவர் படத்தை வீட்டார் அதிகமாகப் போட்டார்களோ அவர் சாயல் அதிகமாக வரத்தானே செய்யும்? திக்கித் திக்கி இதைச் சொன்னேன்.

அந்தம்மா போனிலிருந்த படத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் அவனைக் கொண்டுபோய் அதுக்குள்ள போட்டேனா?" என்றார்.

"ஐயோ, நீங்க என்னம்மா செய்வீங்க. பொட்டு வெச்சவ நான்."

நாளைக்கு ஊருக்கு வந்து சாமியாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்பது மாதிரி கையை அசைத்தார். மெர்சி என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. போவதென்று முடிவு செய்தேன்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பொய்ப் பொட்டு வைத்த படங்கள் அத்தனையையும் தளத்திலிருந்து எடுத்தேன். என்னிடம் வைத்திருந்த நகல்களையும் அழித்தேன். கேமராவில் இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. தளத்துக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன். எல்லாம் முடிந்தபோது, பாவத்தைக் கழுவிவிட்டோம் என்று ஒரு திருப்திகூட வந்தது. வெட்கங்கெட்டவள்.

மறுநாள் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிவில் சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றதும் கோயிலே திரும்பிச் செசிலியம்மாவைப் பார்த்தது. அவர் எழுந்தார்.

"போன வாரம் நான் சொன்ன தடையை எடுத்துக்கிறேன் சாமி. அது என் மகன் இல்ல."

குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. "யாரு காசு குடுத்தா?" என்று ஒரு குரல் கேட்டது. மெர்சி தலையைத் தூக்கவே இல்லை. நான் எழுந்து நின்றேன். படம் எடுத்தவள் நான்தான், பொட்டு பொய், அந்த முகம் மிஷின் செய்தது, வேண்டுமானால் போலீஸில் சொல்லுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதுவரை எத்தனை பேரைக் கேட்காமல் பார்த்திருப்பேன்! மறுநாளே கல்யாணம் என்று சாமியார் அறிவித்தார்.

வெளியே வந்ததும் செசிலியம்மா என் கையைப் பிடித்து மணலில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேட்டா செய்வீகளா தாயி? அந்தப் படத்தை மட்டும் எடுத்துராதீக. பொட்டு வேணாம். பொய்யின்னே எழுதிப் போட்டுருங்க. மெர்சி போன்ல நகல் எடுக்க வரல. எனக்கு ஒண்ணு அனுப்பிவிடுங்க."

"அது... அவர் இல்லையேம்மா."

"அவன் இல்லதான். எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இருக்குற போட்டோவெல்லாம் இருபத்தெட்டு வயசுப் பய. இதுல காதோரம் நரைச்சிருக்கு. இருந்திருந்தா இப்புடித்தான் நரைச்சிருக்கும், அவுகப்பாவுக்கும் அங்கதான் மொதல்ல நரைச்சுச்சு. நரைச்ச பெறகு அவன் எப்புடி இருப்பான்னு நான் பாத்ததில்லையே."

அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருக்கும்மா. அனுப்பிவைக்கிறேன்" என்றேன்.

மெர்சி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. 'வீதி'க்காரர்கள் அபராதம் போட்டு, இனி எனக்குப் பொட்டே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கேமராவைப் பிடுங்கவில்லை. ஞாயிறு தவறாமல் யானைக்கல் போகிறேன். ஒச்சப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லி, கேட்டுத்தான் எடுக்கிறேன். தார்ப்பாய்க்கு அடியில் சிவப்புத் துண்டோடு நிற்கிறார்; வேலுச்சாமி மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறார்; அண்ணாந்து சிரிக்கச் சொல்கிறேன். "சளி புடிச்சுக்கிரும்க்கா" என்று முனகிக்கொண்டே சிரிக்கிறார். அங்கேயே நின்று தளத்தில் ஏற்றி, என்ன முகம் வருகிறது என்று மூன்று பேரும் குனிந்து பார்க்கிறோம். வாரம் ஒரு முகம் வருகிறது. பிரிட்டோ வரவில்லை. செசிலியம்மா போன் பண்ணும்போதெல்லாம், இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன் என்கிறேன்.

போன ஞாயிறு ஒரு முகம் வந்தது. இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு, ஒரு காது மட்டும் கொஞ்சம் மடங்கினாற்போல. அழிக்கவும் கை வரவில்லை, வெளியே விடவும் கை வரவில்லை. ஒச்சப்பன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டாராக்கா?"

"இல்லைண்ணே. இவர் வேற யாரோ வீட்டு ஆள்."